ஓட்டேரியில் செருப்பு தைத்தவர் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வட சென்னையைப் பற்றி நீங்கள் தொடர்ந்து எழுதிவருவதால் இதை உங்களிடம் கேட்கிறேன். என் அப்பா ஓட்டேரியில் செருப்பு தைக்கும் கடை வைத்திருந்தார். பின்னி மில் மூடிய மறு வருடம் கடையை விட்டுவிட்டு, எங்களை ஆவடிக்கு அழைத்து வந்து, காவலாளி வேலைக்குப் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. கடைக்கு எங்களை அவர் ஒருநாளும் அழைத்துப் போனதில்லை. பள்ளியில் யாராவது கேட்டால், மில்லில் வேலை என்று சொல்லச் சொல்வார். போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய குத்தூசி ஒன்றும், செருப்பை மாட்டி அடிக்கும் இரும்புக்கால் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன, படம் அனுப்பியிருக்கிறேன். எதைத் தைத்தாலும் கடைசியில் இரண்டு தையல் திரும்பிப் போடுவார் என்று அம்மா சொல்கிறார். இரண்டு முறை ஓட்டேரிக்குப் போய் அப்பாவின் கடை எங்கே இருந்தது என்று விசாரித்தேன். ஒருவர் மில் கேட்டுக்கு எதிரில் என்றார். இன்னொருவர் மகாலட்சுமி தியேட்டர் பக்கம் என்றார். மூன்றாமவர் அப்படி ஒரு கடையே இங்கே இருந்ததில்லை என்றார். நான் யாரை நம்புவது, எப்படித் தேடுவது?

– ஒரு வாசகி, ஆவடி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேரையும் நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் சொன்னவை ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதாக நீங்கள் வருந்துகிறீர்கள். ஆனால் நடைபாதையில் செருப்பு தைப்பவரின் கடை என்பது ஒரு மரப்பெட்டி, ஒரு கோணி, மேலே ஒரு குடை அல்லது தார்ப்பாய், அவ்வளவுதான். காலையில் ஒரு பக்கம் நிழல் என்றால் மாலையில் எதிர்ப்பக்கம் நிழல். கால்வாய் தோண்டினாலும் சாலையை அகலப்படுத்தினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துக் கடை தள்ளி உட்கார வேண்டும். அதைவிட முக்கியமானது, கூட்டம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் இந்தத் தொழில் நடக்கும். பின்னி மில் என்று நாம் சொல்வது இரண்டு மில்கள். 1870களில் பக்கிங்காம் மில்லும் 1880களில் கர்நாடிக் மில்லும் தொடங்கப்பட்டு, 1920இல் இரண்டும் ஒன்றாகி, 1996இல் மூடப்பட்டன. மில் ஓடிய காலம் முழுவதும் ஷிப்டுக்கு ஷிப்டு கேட்டில் வந்து விழுந்த ஆயிரக்கணக்கான கால்கள்தான் அந்த வட்டாரத்துச் சிறு தொழில்களுக்குச் சோறு போட்டன. கேட் மூடிய பிறகு அங்கே உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. எனவே உங்கள் அப்பா மில் இருந்தவரை கேட்டுக்கு எதிரிலும், அதற்குப் பிறகு ஊரைவிட்டுப் போகும்வரையிலான அந்த ஓராண்டில், எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு அப்போதும் ஆள் சேர்ந்துகொண்டிருந்த தியேட்டர் பக்கமும் இருந்திருக்கலாம். முதலில் பதில் சொன்னவர் மில் தொழிலாளியா, இரண்டாமவர் அப்போது எந்த வயதில் இருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். இது என் ஊகம்தான் என்றாலும் சரிபார்க்கக்கூடிய ஊகம்.

மூன்றாமவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் ‘கடை’ என்று கேட்டீர்கள். ஷட்டரும் பெயர்ப்பலகையும் கதவு எண்ணும் இருந்தால்தான் பலருக்கு அது கடை. மரத்தடியில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் தினமும் பார்த்திருப்பார்கள்; ஆனாலும் கடை என்ற சொல்லுக்குள் அவரைக் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே அடுத்த முறை கேள்வியை மாற்றுங்கள். “உங்களுக்குச் செருப்பு அறுந்தால் யாரிடம் கொடுப்பீர்கள்? தைத்துத் தரும்வரை எங்கே நிற்பீர்கள்?” என்று கேளுங்கள். மனிதர்கள் அடுத்தவரின் கடையை நினைவில் வைப்பதில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு காலை அவர் போட்டுக் கொடுத்த பழைய செருப்பின்மேல் வைத்துக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை நினைவில் வைத்திருப்பார்கள்.

காலத்தைச் சொல்லிக் கேட்பதும் உதவும். இந்தத் தொழிலுக்கு ஓர் ஆண்டுச் சுற்று உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, போன வருடத்துக் கறுப்பு ஷூவை இந்த வருடமும் ஓட்டிவிட வேண்டும் என்று தாய்மார்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐப்பசி மழையில் ஓட்டேரி நாலா நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தால், ஊறிப்போன செருப்புகளில் ஒட்டு விட்டுப்போய் வேலை குவியும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு நடப்பதால் வரும்படி குறையும். ஆண்களிடம் மட்டும் விசாரிக்காதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம். ஜூன் மாதத்து ஷூவைக் கொண்டுபோனவர்கள் பெண்கள்தான். எவ்வளவு பேரம் பேசினோம் என்பதுவரை சொல்வார்கள். அதோடு பழைய பந்தாட்டக்காரர்களைத் தேடுங்கள். வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் கால்பந்து எவ்வளவு ஊறியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோல் பந்தில் தையல் பிரிந்தால் புதுப் பந்து வாங்கப் பணம் ஏது? செருப்பு தைப்பவரிடம்தான் வரும். பந்தின் தையல் கடினமான வேலை, எல்லோரும் செய்ய மாட்டார்கள். செய்துகொடுத்தவரை அந்த அணியே மறக்காது.

நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்தூசியின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சிறு கொக்கி வெட்டு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வலது கை ஊசியை மேலிருந்து குத்தி இறக்கும். இடது கை அடியில் மெழுகு தேய்த்த நூலைப் பிடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமலேயே அந்தக் கை நூலைக் கொக்கியில் மாட்டிவிட, ஊசி அதை மேலே இழுத்துவரும். வரும் வளையத்துக்குள் நூலின் மறுமுனையைச் செலுத்தி இரண்டு பக்கமும் இறுக்கினால் ஒரு தையல். நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல் உடனே பிரியாது. கடைசியில் இரண்டு தையல் திரும்பிப் போட்டால் முடிச்சு உள்ளே அமுங்கி, தரையில் உரசாமல் இருக்கும். இது கேட்டு வாங்கும் வேலை இல்லை, இதற்காக யாரும் கூடுதலாகக் காசு கொடுத்ததும் இல்லை. உங்கள் அப்பாவின் குத்தூசியில் மரப்பிடி ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருப்பதைப் பார்த்தபோது, அந்த இரண்டு தையலை அவர் எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பார் என்று எண்ணிக் கண் கலங்கினேன்.

ஆவணங்களைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் வீடுதான் இருக்கும், தொழில் நடந்த இடம் இருக்காது. இரண்டு இடங்களில் மட்டும் பாருங்கள். நீங்கள் முதலில் சேர்ந்த ஓட்டேரிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் எழுதப்பட்டிருக்கும். அதில் ‘மில்’ என்றோ ‘கூலி’ என்றோ இருந்தால் மனம் உடைய வேண்டாம். அவர் அதை ஏன் அப்படிச் சொன்னார் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்து, பழைய பெட்டியில் வங்கிப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். 1972இல் தேசியமயமான வங்கிகள் மிக ஏழ்மையான தொழிலாளர்களுக்கு 4 சதவீத வட்டியில் சிறுகடன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கின; 1974இல் ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ வந்தது. இப்படி ஏதாவது கடன் அவர் வாங்கியிருந்தால், அந்தத் தாளில் தொழில் செய்யும் இடத்தை எழுதியிருக்க வாய்ப்புண்டு. முகவரி கிடைத்தால் அது பழைய கதவு எண்ணா புதிய கதவு எண்ணா என்று பாருங்கள்; இரண்டையும் குழப்பிக்கொண்டால் தெருவின் தவறான முனையில் போய் நிற்பீர்கள். தோல் துண்டு வாங்கப் பெரியமேட்டுக்குத்தான் போயிருப்பார். அங்கே பரம்பரையாகக் கடை நடத்துபவர்களிடமும் ஒரு நடை போய்க் கேட்கலாம்.

இனி நான் சொல்லத் தயங்கிய ஒன்று. நானும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருமுனையிலும் ஒருவர் இருந்தார். என் ஐந்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும்வரை என் செருப்புகளை அவர்தான் தைத்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார் என்பது தெரியும், பீடியை எந்தக் காதில் செருகியிருப்பார் என்பது தெரியும், பெயர் தெரியாது. செருப்பை அவர் முன்னால் தரையில் கழற்றிவிட்டு, காசை அவர் கையில் கொடுக்காமல் பெட்டியின்மேல் வைக்க வேண்டும் என்று வீட்டில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். நானும் வைத்தேன். ஓட்டேரியில் உங்களுக்கு யாரும் அப்பாவின் பெயரைச் சொல்லாதது மறதியால் அல்ல. கேட்காத பெயரை மறக்க முடியாது. 1920களிலேயே சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்துகொண்டு, அருந்ததியர் பிள்ளைகளுக்காக இந்த நகரத்தில் இரவுப் பள்ளிகள் நடத்திய எல்.சி. குருசாமி போன்றவர்கள் வாழ்ந்த ஊர் இது. அதற்கு அறுபது வருடம் கழித்தும் நாங்கள் காசைப் பெட்டியின்மேல்தான் வைத்துக்கொண்டிருந்தோம். உங்களை ஏன் அவர் கடைக்கு அழைத்துப் போகவில்லை என்பதற்கான பதில் உங்கள் வீட்டில் இல்லை, எங்கள் வீடுகளில் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் நானே ஓட்டேரிக்குப் போனேன். மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. சுற்றியுள்ள தெருக்களில் நான்கைந்து பேரிடம் பேசியதில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில், அந்தக் காலத்தில் மில் கேட்டருகே இட்லிக்கடை போட்டிருந்த ஓர் அம்மாளைப் பார்த்தேன். எண்பதை நெருங்கும் வயது. கடை என்று சொல்லாமல், செருப்பு தைத்தவர் என்று கேட்டேன். “ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டிக்கினு ஒக்காந்திருப்பாரே, அவரா? எம் பொண்ணு ஸ்கூல் பையி வாரு அறுந்தப்போ தச்சுக் குடுத்தாரு. பையி கிழிஞ்சுப் போச்சு, வாரு அறுல” என்றார். அவர்தான் உங்கள் அப்பா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த வட்டாரத்தில் வேறு சிலரும் இருந்திருப்பார்கள். அந்தப் பை இப்போது இல்லை. ஆனால் குத்தூசியின் படத்தைக் காட்டி, திரும்பிப் போடும் தையலைப் பற்றிச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இன்னா பேரு தம்பி அவருக்கு?” என்று கேட்டார்.

என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். முழுக் கடிதத்திலும் ‘அப்பா’ என்றுதான் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த மகளும் அப்படித்தான் எழுதுவாள்.

பெயரை எழுதி அனுப்புங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் வருவதாக அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அம்மாவும் வர முடிந்தால், ஓட்டேரி பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பேன்.

அன்புடன்.