வாசகர் கேள்வி: டிசம்பர் 26 சிவப்பு, 27 வெள்ளை, 28 மறுபடி சிவப்பு. திருப்பலியில் குரு அணியும் திருவுடையின் நிறம் ஏன் இப்படி மாறுகிறது?

பதில்: மறைசாட்சிக்கு, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவருக்கு, சிவப்பு. மற்றப் புனிதர்களுக்கு வெள்ளை. 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுக்கு, 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளுக்கு. நடுவே வரும் திருத்தூதர் யோவான் வயதாகி இறந்தார் என்பது மரபு, அதனால் வெள்ளை. இன்னொரு யோவானான திருமுழுக்கு யோவானுக்கு, ஒரே ஆளுக்கு இரண்டு நிறம்: ஜூன் 24 பிறப்பு, வெள்ளை; ஆகஸ்ட் 29 தலைவெட்டு, சிவப்பு. வழக்கமாகப் புனிதர் இறந்த நாள்தான் விழா நாள், பிறந்த நாள் அல்ல; ஜூன் 24 விதிவிலக்கு. 2026-இல் டிசம்பர் 27 ஞாயிறு. அன்று இயேசு, மரியா, யோசேப்பு ஆகியோரின் திருக்குடும்ப விழா என்பதால் திருத்தூதர் யோவானுக்கு இடமில்லை.

கேள்வி: மறைசாட்சி அருளானந்தர் எங்கள் பங்கின் பாதுகாவலர். அவர் விழா நாளான பிப்ரவரி 4 ஞாயிறாக வந்தால்?

பதில்: அவர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4-இல். மற்ற ஆலயங்களில் அந்த நாள் வெறும் ‘நினைவு’, அதாவது தாழ்ந்த படி விழா. ஞாயிறு வந்தால் அந்த ஆண்டு விடுபடும். அவர் பெயரிலேயே உள்ள ஆலயத்தில் அது ‘பெருவிழா’, மிக உயர்ந்த படி. திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்களில் சேராத பொதுக்கால ஞாயிறை அது வெல்லும். சிவப்பு உடுத்தி அன்றே அவர் விழாத் திருப்பலி நிறைவேற்றலாம். திருவருகை (கிறிஸ்துமஸுக்கு முன்), தவக்காலம் (ஈஸ்டருக்கு முன்), பாஸ்கா காலம் (ஈஸ்டர் முதல்) ஆகியவற்றின் ஞாயிறுகளை எந்தப் புனிதராலும் தள்ள முடியாது. அந்த நாள்களில் விழும் பாதுகாவலர் பெருவிழா அடுத்த காலியான நாளுக்குப் போகும். குழப்பம் வருவது கொடியேற்றத்தில்தான்: தேதி மாறுமா என்று பார்க்காமல் விழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாளுக்கு நோட்டீஸ் அச்சடித்துவிடுகிறார்கள். முதலில் மறைமாவட்ட வழிபாட்டு நாள்காட்டியைப் பாருங்கள், பிறகு அச்சகம்.