நரி போனால் மயில் மாறுமா?

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் ஒன்றைத்தான் சுற்றுகின்றன: துரத்திய ஆபத்து குறைந்துவிட்டால், ஓடிய உயிரின் உடலும் குணமும் என்ன ஆகும்?

கானாடுகாத்தான் மாணவி: சார், எங்கள் பக்கம் நரியே கண்ணில் படுவதில்லை, மயில்தான் பெருகிவிட்டது. இனி தோகை இன்னும் நீளுமா?

நல்ல கேள்விம்மா. 1976இல் உயிரியலாளர் ஜான் எண்ட்லர் டிரினிடாட் தீவில் கப்பி என்ற சின்னஞ்சிறு மீன்களை, அவற்றை வேட்டையாடும் பெரிய மீன்கள் உள்ள ஓடையிலிருந்து அந்த ஆபத்து இல்லாத ஓடைக்கு மாற்றினார். இரண்டே ஆண்டில் ஆண் மீன்களின் வண்ணப் புள்ளிகள் கூடின, பெரிதாகின. பளிச்சென்ற ஆணைத் தின்ன ஆளில்லை. பளிச்சென்ற ஆணையே நாடும் பெண் மீனின் விருப்பமோ அப்படியே இருந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் கப்பிக்குப் பதினைந்து தலைமுறை ஆகிவிட்டது. மயிலுக்கு முழுத் தோகை கட்டவே மூன்று நான்கு ஆண்டு வேண்டும். அப்புறம், தோகையை வருடாவருடம் உதிர்த்து மறுபடி வளர்க்கிறதே, அந்தச் செலவு நரி போனாலும் போகாது. நம் கண்முன்னே நீளும் என்று காத்திருக்க வேண்டாம்.

தேவகோட்டை ஆச்சி: பயன்படுத்தாததால் குகை மீனுக்குக் கண்ணே போய்விட்டதாமே தம்பி?

அப்படி இல்லை ஆச்சி. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஓடு குடியிருக்கும் வீட்டிலும்தான் உடைகிறது, அங்கே மாற்றிவிடுகிறோம். பூட்டிய வீட்டில் மழை இறங்கி உத்திரம் வரை உளுத்துப் போகிறது. மரபணுவில் தானாக நேரும் பிழையான சடுதி மாற்றமும் அப்படித்தான், எல்லா இடத்திலும் நடக்கும். ஆற்று வெளிச்சத்தில் கண் கெட்ட குஞ்சு பிழைக்காது, பழுது அதோடு முடிந்துவிடும். மெக்சிகோவின் இருட்டுக் குகையில் அதுவும் பிழைத்துக் குஞ்சு பொரிக்கிறது, பழுது சேர்கிறது. கண்ணுக்கு ஆகும் சக்தி, இரை அரிதான இடத்தில் மிச்சமும் ஆகிறது. இதில் என்னை இன்றும் அசரவைப்பது ஒன்று: அந்த மீனின் கருவில் கண் உருவாகத் தொடங்குகிறது, பிறகுதான் அழிகிறது.

காரைக்குடித் தம்பி: அப்படியானால் எல்லாமே போய்விடுமா, அண்ணே?

போகாது. கலிபோர்னியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாம்பு இல்லாத இடத்தில் வாழும் தரை அணில்களும் பாம்பைக் கண்டால் அடையாளம் தெரிந்து உஷாராகின்றன. வைத்திருக்கச் செலவில்லாத குணம் நெடுநாள் நிற்கும்.

திருப்பத்தூர் வாசகர்: கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவற்றுக்குப் பயம் விட்டுப்போய், பின்னால் ஆபத்தாகுமா?

அது பெரும்பாலும் பழக்கம், மரபு மாற்றம் அல்ல. அவை வேறு ஊர்களுக்கும் போய் வருகின்றன, அங்கே ஆபத்து இருக்கிறது. ஊர்க்காரர்கள் செய்வது முழுக்க நல்ல காரியம், தொடரட்டும். நீங்கள் அஞ்சுவது நடந்த இடம் நியூசிலாந்து. தரையில் வேட்டையாடும் பாலூட்டிகள் இல்லாத அந்தத் தீவில் காகாப்போ கிளி பறக்கும் திறனை இழந்தது. ஆபத்து என்றால் அசையாமல் உறைந்து நிற்கும். வானத்திலிருந்து பார்க்கும் கழுகை ஏமாற்ற அது போதும். மனிதர்களோடு வந்த பூனையோ மோப்பம் பிடித்தே அதைக் கண்டுபிடித்துக் கொன்றது. 1995இல் மிஞ்சியவை 51.