மரமா இரும்பா: கூரைக் கணக்கு பற்றிய கேள்வி பதில்

நம் குமரி மாவட்டத்தில் கட்டட வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளும், வீட்டுக் கூரையை மாற்ற நினைப்பவர்களும், வெல்டிங் பட்டறைக்காரர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நாகர்கோவில் கோணத்திலிருந்து டிப்ளமோ மாணவி: சார், சூத்திரமெல்லாம் மனப்பாடமா இருக்கு. ஆனா ஒரு கூரையக் காட்டி டிசைன் பண்ணச் சொன்னா எங்க தொடங்கணும்னு தெரியல்ல.

மக்ளே, முதலில் பாரம் போகிற வழியை வரைந்து பழகு. ஓடு பட்டியலில் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டம்) கிடக்கிறது, பட்டியல் கழுக்கோலில் (சரிவாக ஓடும் சட்டம்), கழுக்கோல் உத்தரத்தில், உத்தரம் சுவரில். ஒவ்வொன்றும் எத்தனை சதுர மீட்டர் கூரையைத் தாங்குகிறது என்று எழுது. அதற்குப் பிறகுதான் சூத்திரத்துக்கு வேலை.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் எல்லோரும் செதுக்கு வேலையைத்தான் பார்ப்பார்கள். நீ கழுக்கோலின் அடிமுனை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார். அப்படியே இன்னும் கொஞ்சம் தள்ளி மார்த்தாண்டத்துக்கும் போய், இரும்பு மேம்பாலத்துக்கு அடியில் நின்று உத்தரங்களுக்கு நடுவே உள்ள குறுக்குப் பிணைப்புகளைக் கவனி. இரும்பு வலிமையானது என்பதால் மெலிதாகச் செய்கிறோம். மெலிதானது அழுத்தத்தில் பக்கவாட்டில் வளைந்து ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தப் பிணைப்புகள்.

அதே மாணவி: அப்போ மரம் வலிமை இல்லாததா சார்?

அப்படியில்லை. இரும்பின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, தேக்கைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு, எடை 12 மடங்கு. எடைக்கு எடை பார்த்தால் மரம் அவ்வளவு பின்தங்கிவிடவில்லை. ஆனால் மரத்துக்குத் திசை உண்டு. நார் ஓடும் வாக்கில் நன்றாகத் தாங்கும், குறுக்கே அழுத்தினால் நசுங்கும், பல வருடம் பாரம் கிடந்தால் மெல்லத் தொய்யும். கணக்கு முறையும் வேறு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 800:2007 படி இரும்புக்குப் பாரத்தை 1.5 ஆல் பெருக்கிக்கொண்டு கணக்கிடுகிறோம். மரத்துக்கான ஐ.எஸ். 883-இல் பெருக்காத பாரத்தை அனுமதிக்கப்பட்ட தகைவோடு (ஒரு சதுர மில்லிமீட்டர் மரம் தாங்கலாம் என்று விதி வைத்த அளவு) ஒப்பிடுகிறோம். ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் விடை தவறிவிடும், கவனம்.

திருவட்டாறிலிருந்து ஒருவர்: அப்பா கட்டின ஓட்டு வீடு. ஓட்டை இறக்கிவிட்டு, இருக்கிற கழுக்கோல் மேலேயே ஷீட் போடலாம் என்கிறார்கள். பாரம் குறையும், மரத்துக்கு நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கீழ்நோக்கிய பாரம் குறையும் என்பது சரி. ஆனால் காற்று கூரையை மேலே தூக்கும்.

மங்களூர் ஓடும் பட்டியலும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. அரை மில்லிமீட்டர் ஷீட் வெறும் 4 கிலோ. இனி காற்றுக்கு வருவோம். நம் பகுதிக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். காற்றின் அழுத்தத்துக்கு 39 × 39 × 0.6 என்று போட்டால் 912 நியூட்டன், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. கூரையின் சரிவு, உயரம், திறப்புகளைப் பொறுத்து இது கூடும், குறையும். பாதியே தூக்குகிறது என்று வையுங்கள், 46 கிலோ. 65 கிலோ ஓடு தன் எடையாலேயே அதை எதிர்த்து உட்கார்ந்திருக்கும். 4 கிலோ ஷீட்டால் முடியாது.

உங்கள் அப்பா காலத்து ஆசாரி கூரையைச் சுவரோடு இழுத்துக் கட்டாததற்கு இந்த எடைதான் காரணம். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு கழுக்கோலையும் இரும்புப் பட்டையால் உத்தரத்தோடு இணைக்க வேண்டும். உத்தரத்தையும் கம்பி வைத்துச் சுவருக்குள் ஆழமாக இறக்கிப் பிடிக்க வேண்டும். விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் அதிகம், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டம் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: மொட்டை மாடியில் நாலு பக்கமும் திறந்த ஷீட் கூரை. தூணுக்கு அடியில் பிளேட் வைத்து நாலு போல்ட் அடித்தால் போதுமா அண்ணே?

போல்ட் எதில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்கிற தட்டோட்டிலும் சாந்திலும் நின்றுவிட்டால் பிடிப்பே இல்லை, கான்கிரீட் தளத்துக்குள் இறங்க வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அந்தக் கணவாய்க் காற்றுதானே, உங்கள் ஊருக்கு மேலே சொன்ன 39 மீட்டர் வேகத்தை அப்படியே எடுக்கக் கூடாது, நில அமைப்புக்கான பெருக்கத்தைச் சேர்க்க வேண்டும். பக்கம் திறந்த கூரையில் காற்று கீழேயிருந்தும் தள்ளும். பொறியாளரிடம் ஒரு தாள் கணக்கு வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

தக்கலை ஆசாரி ஒருவர்: 75-க்கு 150 மி.மீ. சட்டத்தைப் படுக்க வைத்தால் என்ன, நிமிர்த்தி வைத்தால் என்ன?

நிமிர்த்தி வைத்தால் வலிமை இரண்டு மடங்கு, விறைப்பு நான்கு மடங்கு. உங்கள் கைக்கு இது முன்பே தெரியும், கணக்கும் அதையேதான் சொல்கிறது.

கருங்கல் வெல்டர்: மரத்தையும் இரும்பையும் போல்ட் போட்டு இணைக்கையில் துளையை எங்கே போட?

இரும்பை ரம்பத்தால் அறுத்திருந்தால், விளிம்பிலிருந்து துளையின் மையத்துக்குத் துளை விட்டத்தைப்போல் 1.5 மடங்கு தூரம் இருந்தால் போதும். மரத்தின் முனையில் அதே தூரத்தில் போட்டால் நார் வாக்கில் பிளந்துவிடும், நன்றாக உள்ளே தள்ளிப் போட வேண்டும். போல்ட்டின் நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் கட்டாயம்.

குளச்சலிலிருந்து: கடலோரத்தில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்டாலும் துரு பிடிக்கிறதே?

வெல்ட் அடித்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர் அடியுங்கள். திறந்த பைப் முனைகளை மூடி வெல்ட் செய்துவிடுங்கள், உப்புக் காற்று உள்ளே போனால் துரு வெளியே தெரியாது.