எர்த் வழியாகக் கரண்ட் திரும்பலாமா? – கேள்வி பதில்

கே: நியூட்ரல் அறுந்துவிட்டது. ஃபேஸையும் எர்த்தையும் சேர்த்தால் பல்ப் எரிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ப: எரிவதுதான் வம்பே. பல்ப் இழுப்பது கொஞ்சம் என்பதால் ஒன்றும் வெளியே தெரியாது. அதே இடத்தில் 1000 வாட் ஹீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் (கணக்கு மட்டும்). 230 வோல்ட்டில் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம். எர்த் ராடு (எர்த்துக்காக மண்ணில் அடித்த கம்பி) 50 ஓம் என்று வைப்போம். வோல்ட்டேஜ் ஏறக்குறைய பாதியாகப் பிரியும். ஹீட்டர் கால்வாசிச் சூடுதான் தரும். ராடில் 110 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடியெல்லாம் அந்த எர்த் கம்பியில்தான் இருக்கிறது. ராடுக்குப் போகும் கம்பி விட்டுப்போனால் முழு 230-ம் அங்கே வந்துவிடும்.

கே: அப்படி இணைத்ததும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுகிறது. கழற்றிவிடட்டுமா?

ப: கூடாது. போன கரண்ட் நியூட்ரலில் திரும்பவில்லை என்றுதான் விழுகிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசமே அதற்குப் போதும்.

கே: பழைய டெலிபோனுக்கு ஒற்றைக் கம்பி போதுமாமே?

ப: போதுமாகத்தான் இருந்தது. 1838-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஸ்டைன்ஹைல் தந்திக்கு மண்ணையே திரும்பும் வழியாக்கினார். டெலிபோனும் அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் காதில் வைத்துக் கேட்கும் கருவிக்கு மண்ணில் அலையும் கரண்டெல்லாம் இரைச்சல். மின்சார டிராம்கள் தண்டவாளம் வழியே கரண்டைத் திருப்ப ஆரம்பித்ததும் பேசவே முடியவில்லை. இரட்டைக் கம்பியை முறுக்கிவிட்டால் இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறி, ஒன்றையொன்று கழித்துவிடும். பெல் 1881-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கே: தந்தி பல மைல் மண்ணைக் கடந்ததே, அவ்வளவு மண்ணுக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லையா?

ப: இருப்பதெல்லாம் ராடை ஒட்டிய மண்ணில்தான். அரைக்கோள வடிவ எர்த் என்றால், அதன் ஆரம் அளவு தள்ளிப் போவதற்குள் பாதி ரெசிஸ்டன்ஸ் முடிந்துவிடும். அப்புறம் கரண்டுக்குக் கிடைக்கும் மண் அகன்றுகொண்டே போகிறது. தூரம் பெரிய விஷயமில்லை.

கே: ஏற்க முடியாது. அப்படியானால் ஏசி லைனிலும் தூரம் கணக்கில்லையா?

ப: சரி, இது நியாயமான வாதம். ஏசியில் தூரம் கணக்குதான். இண்டக்டன்ஸ் (மாறும் கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலம் அந்த மாற்றத்தை எதிர்ப்பது) காரணமாக, திரும்பும் கரண்ட் லைனுக்கு நேர் கீழேயே ஓடப் பார்க்கும். 50 ஹெர்ட்ஸில், 100 ஓம்-மீட்டர் (மண் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) மண்ணில், கணக்குக்கு அதை 930 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கம்பியாக எடுத்துக்கொள்வார்கள். டிசி அப்படியில்லை, கண்டபடி பரவும்.

கே: பார்த்தீர்களா! நியூசிலாந்தில் 1925-லேயே மாண்டெனோ என்ற எஞ்சினியர் ஒற்றைக் கம்பியில் ஊருக்கே கரண்ட் கொடுத்தார். வீட்டில் மட்டும் ஏன் கூடாது?

ப: வோல்ட்டேஜைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் அந்த லைன்கள் 19.1 கிலோவோல்ட்டில் ஓடுகின்றன. 25 கிலோவாட்டுக்கு 1.3 ஆம்பியர். எர்த் 5 ஓம் என்றாலும் ஏறுவது 6.5 வோல்ட். 230 வோல்ட்டில் அதே 25 கிலோவாட்டுக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 5 ஓம் எர்த் வழியாக அவ்வளவு கரண்ட் போகவே போகாது. அங்கேயும் வீட்டுக்குள் வருவது தனி டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி, நியூட்ரல் கம்பியோடுதான்.

கே: ஃபேஸ்-எர்த்தில் ஃபேன் ஓடுமா?

ப: முதல் பதில்.

கே: இன்வெர்ட்டருக்கு நியூட்ரலாக எர்த்?

ப: அதே முதல் பதில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலைச் சரிசெய்யுங்கள்.