வெருளுகிற குதிரைக்குட்டி: கேள்வி பதில்

கல்லடி: ஐயா, என் குட்டிக்கு இரண்டு வயது. வளவுக்குள் தங்கம். பழைய பாலத்தடிக்குப் போனால் மட்டும் ஏறாது. இழுத்தால் பின்னால் போகிறது.

இழுக்காதீர்கள் தம்பி. 1924இல் கட்டிய இரும்புப் பாலம் அது. மண் ரோட்டில் கேளாத சத்தம் குளம்புக்கடியில் கேட்கும், இரண்டு பக்கமும் வாவி மினுங்கும். குதிரைக்குச் சுற்றிவரக் கண் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. காலடியைப் பார்க்க அது தலையைத் தாழ்த்த வேண்டும். நீங்கள் கயிற்றை இறுக்கினால் எப்படிப் பார்க்கும்?

வீட்டிலேயே தொடங்குங்கள். நெல் காயப்போடும் படங்கை விரித்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். மணந்து பார்த்து, மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தினால் அன்றைக்கு அது போதும், கூட்டிக்கொண்டு திரும்புங்கள். அடுத்த நாள் ஒரு கால். அப்புறம் பலகை. பாலத்துக்கு விடியற்காலையில், பழகிய குதிரை ஒன்றை முன்னால் விட்டுப் போங்கள்.

என் சாம்பல் குட்டி பாலத்து வாயில் பத்து நாள் நின்றது. மூக்கு விரிந்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு அடிப்பது தோலுக்கு மேலே தெரியும். பதினோராம் நாள் ஒரு குளம்பை வைத்து எடுத்தது, திரும்ப வைத்தது. அப்போதே வீட்டுக்குத் திருப்பினேன். மறுநாள் என் கிழட்டுப் பெட்டைக் குதிரையின் பின்னால் அக்கரை வரை நடந்தது. திரும்பி வரும்போது போகையில் கண்ட அதே கம்பத்துக்கு வெருண்டது. மற்றப் பக்கத்தால் பார்த்தால் அதற்கு அது புதுச் சாமான்.

கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். என் இடக்கை மோதிரவிரல் இன்றைக்கும் மடங்காது.

வாழைச்சேனை: எத்தனை வயதில் குட்டி மேல் ஏறலாம்?

மூன்றுக்கு முன் வேண்டாம். முதுகெலும்பு முற்ற ஐந்து வயது தாண்டும்.

அக்கரைப்பற்று: குட்டி அலையைக் கண்டு ஓடுது காக்கா (அண்ணன்).

அலைக்கு நேரே கொண்டுபோகாமல் கரையோடு கரையாக, இறுகிய ஈரமணலில் நடத்துங்கள். பொதுபொதுத்த மணலில் ஓட்டினால் கால் தசைநார் கெடும்.

களுதாவளை: திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு இரவு கட்டிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் மாமா.

தயவுசெய்து செய்யாதீர்கள். ஓட வழியில்லாத குதிரை அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பழகிவிட்டது என்பார்கள். வாய் இறுகியிருக்கிறதா, கண்ணில் வெள்ளை தெரிகிறதா, சாணி தண்ணியாகப் போகிறதா என்று பாருங்கள். மேளம் கேட்கும் இடத்துக்கு ஒரு வயல் தள்ளி மேயவிடுங்கள். மேய்ச்சலை நிறுத்தாத தூரம்தான் சரியான தூரம். தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்தினால் பத்தடி பின்னால் வாருங்கள்.

களுதாவளை மாமா: நாங்கள் வண்டில் மாட்டை அடிச்சுத்தான் ரோட்டுக்குப் பழக்கினோம். மாடு பழகினதே!

அண்ணன், புது நாம்பனைத் தனியாகவா நுகத்தில் பூட்டினீர்கள்? பக்கத்தில் பழகிய மாடு நின்றதல்லவா? ரோட்டைப் படிப்பித்தது அந்த மாடு, துவரங்கம்பு இல்லை. நானும் கிழட்டுப் பெட்டையை முன்னால் விடச் சொல்வது அதற்குத்தான்.

மாமா: குதிரையும் மாடும் ஒன்றா?

இல்லை. மாடு கொம்பைக் காட்டி நிற்கவும் செய்யும், குதிரைக்கு ஓட்டம்தான் முதல் பாதுகாப்பு. அதனால்தான் கட்டிவைத்துப் பழக்குவது குதிரைக்கு இன்னும் கொடுமை. உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன் அண்ணன், ஆனால் அந்தக் குட்டியை ஸ்பீக்கரடியில் கட்ட விடமாட்டேன்.

செங்கலடி: வெருண்டால் ஒரு அடி போடலாமா?

கூடாது. பயந்த இடத்தில் அடியும் விழுந்தால் அந்த இடத்தையே வெறுக்கும்.

கல்முனை: எந்த வயதில் ஏறுவது?

மேலே வாழைச்சேனைத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

பொத்துவில்: பயம் போக ஊசி இருக்கா?

மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

திருக்கோவில்: இரண்டரை வயது, ஏறலாம்தானே?

ஏறக் கூடாது மகன். மூன்று என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஆரையம்பதி: என்னிடம் ஒரே குட்டிதான் ஐயா. முன்னால் விடப் பழைய குதிரை இல்லை.

அப்படியானால் நீங்கள்தான் பழைய குதிரை மகள். அதன் தோளுக்கு ஒரு முழம் முன்னால், பக்கவாட்டில் நடவுங்கள். படங்கை முதலில் நீங்கள் மிதியுங்கள், அது பார்க்கட்டும். வளவில் துணைக்கு ஒரு ஆடாவது நிற்கட்டும், தனியே நிற்கும் குட்டி எதற்கும் வெருளும். கயிற்றை மடித்துப் பிடியுங்கள், சுற்ற வேண்டாம்.