கொடைக்கானலில் காட்டேஜ் எடுக்கும் முன்

கேள்வி: டிசம்பரில் மூன்று நாள் கொடைக்கானல் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வட்டக்கானலில் ஒரு காட்டேஜ் படத்தில் அழகாக இருக்கிறது. எடுக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடாதீர்கள், சகோதரி. அந்தப் பக்கம் என் மாமியாரை அழைத்துப்போனேன். வண்டி நின்ற இடத்திலிருந்து வாசலுக்கு 64 படி, சாரலில் வழுக்கும் கல். பாவம், மூன்று நாளும் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். இன்றும் அது என்னை உறுத்துகிறது. வண்டியிலிருந்து கட்டில் வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

அம்மாவுக்கு ஏரிப் பக்கமே நல்லது. ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளம். முடிந்த தூரம் நடப்பார்.

கீஸர், ஆளுக்கு இரண்டு கம்பளி உண்டா என்று கேளுங்கள். அப்புறம், குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு மூட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.