நகை அம்மாவிடம், மகள் நாத்தனாரிடம்

கேள்வி: நான் நர்ஸ். குவைத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர் ஏற்கெனவே துபாயில் இருக்கிறார். 11 வயது மகளைத் தஞ்சாவூரில் நாத்தனார் வீட்டில் விட்டுப் போகிறோம். பள்ளிக்கூடம் பக்கம் என்று கணவர் முடிவு செய்தது. நகைகளைக் கும்பகோணத்தில் என் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அதனால் அந்தக் கவலை இல்லை. மகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனாருக்கு நோட்டரியிடம் பவர் எழுதிக் கொடுத்தால் போதுமா?

பதில்: நகை நாத்தனார் வீட்டில் இருந்தால் உங்களுக்குக் கவலை. மகள் இருந்தால் இல்லையா? அந்த வீட்டில் யார் வந்து போகிறார்கள், யாருக்குக் கடன், யாருக்குக் குடி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நகை கும்பகோணம் போயிருக்கிறது.

பள்ளிக்கூடம் பக்கம் என்பதெல்லாம் ஒரு காரணமா? கும்பகோணத்தில் பள்ளிக்கூடமே இல்லையா? பள்ளி மாறினால் பிள்ளை ஒரு மாதம் அழுவாள், அப்புறம் பழகிவிடுவாள். கணவரின் அக்கா மனம் கோணக் கூடாது என்று, சங்கிலியைக்கூட விட்டுவைக்கத் தயங்குகிற வீட்டில் பெண் பிள்ளையை விடுவது தாய் செய்கிற காரியம் இல்லை. கணவரிடம் இதை இன்றே பேசுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி பவர். அதை எழுதிக் கொடுப்பதால் யாரும் சட்டப்படி கார்டியன் ஆகிவிட மாட்டார்கள். நீங்கள் இருவரும் இருக்கும்போது இன்னொருவரைக் கார்டியனாக நியமிப்பது 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தின் வேலை. இரண்டு வருட வேலைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோர்ட் உத்தரவை நினைத்த நாளில் நீங்களாக ரத்து செய்யவும் முடியாது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் காட்ட, முத்திரைத்தாளில் நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று வாங்கிய ஒப்புதல் கடிதம் பெரும்பாலும் போதும். கணவர் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பட்டும். அந்தத் தாள் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கடிதத்தை உங்கள் அம்மா பெயருக்கு எழுதுங்கள். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கட்டும். காய்ச்சல், பல்வலி, பள்ளி மீட்டிங் எல்லாம் அவர் பார்த்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை, பள்ளி மாற்றம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் முடிவு உங்களுடையது என்று தெளிவாக எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கையெழுத்துக்குக் காத்திராமல் சிகிச்சை தர டாக்டருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. நர்ஸான உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. கார்டியனை நியமிக்கிற நீதிபதிகூட, விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்டுப் பார்க்கலாம் என்று அதே 1890 சட்டம் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, மகள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அத்தை வீட்டில் யார் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றும் கேளுங்கள். உடனே பதில் வராது. இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள், திட்டாமல்.